ஜெனரேட்டர் சத்தம்

கௌசல்யா கடலைப் பார்த்ததே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. திருச்செந்தூரில் பார்த்திருக்கிறாள், நாழிக்கிணற்று வரிசையில் நின்றபடி, முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலே எட்டி. ராமேஸ்வரத்தில் பார்த்திருக்கிறாள், மாமனாருக்குத் திதி கொடுக்கப் போனபோது, ஈரச் சேலையும் வெறும் வயிறுமாக. அதெல்லாம் ஒரு பார்வையா? சும்மா போய், சும்மா உட்கார்ந்து, சாமியிடம் எதையும் வேண்டாமல் பார்க்கிற கடல் ஒன்று வேண்டும் அவளுக்கு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரன் முகேஷ்குமார் வடமதுரையில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருந்தான். குணத்தில் தங்கம், குறை சொல்லக் கூடாது. ஆனால் காலையில் கடையைத் திறந்தால் இருட்டிய பிறகுதான் சாத்துவான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவான். அப்பேர்ப்பட்டவனுக்குக் குழாய்க் கம்பெனிக்காரர்கள் இந்த வருடம் ஒரு பரிசு கொடுத்தார்கள். நன்றாக விற்ற டீலர்களுக்கெல்லாம் சம்சாரத்தோடு கேரளக் கோவளத்தில் இரண்டு நாள். ஏசி பஸ், கடலைப் பார்த்த ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் அவர்கள் செலவு. செய்தியைக் கேட்டதும் கௌசல்யா அடுப்பை அணைத்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி இரண்டு சுடிதார் வாங்கி வந்துவிட்டாள். ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

கண் படாமலே காரியம் கெட்டது. பங்குனியில் முடிந்திருக்க வேண்டிய ஊர்க் காளியம்மன் திருவிழா, கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை இழுத்துக்கொண்டே போனதில் சித்திரைக்குத் தள்ளிப் போனது. கூட்டம் போட்டு நாள் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. கோவளம் பஸ் அந்த வியாழக்கிழமை.

இதில் என்ன சங்கடம் என்று கேட்பீர்கள். அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீன், கறி என்று கவிச்சியும் ஆகாது. போதாக்குறைக்குக் கௌசல்யா முளைப்பாரிக்கு வேறு பேர் கொடுத்திருந்தாள். காப்புக் கட்டிய அன்றைக்கே சட்டியில் விதை போட்டுத் தண்ணீர் தெளித்தும் ஆகிவிட்டது.

“போகட்டும் விடு. வேற டீலருக்கு விட்டுக் குடுத்துருவோம்,” என்றான் முகேஷ்குமார்.

“போகட்டும் விடு, போகட்டும் விடுன்னே எம்புட்டு வருசத்த ஓட்டிட்டீங்க! அம்மனுக்குக் காப்புக் கட்டுனா என் காலையுமா சேத்துக் கட்டணும்?” என்று பொரிந்து தள்ளிவிட்டு, கௌசல்யா நேராகக் கோயிலுக்குப் போனாள்.

ஊர்ப் பெரியவர் பொம்மையன் பந்தல் போடுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு மாமா முறை. வெளியூரில் இரண்டு ராத்திரி தங்க வேண்டியிருக்கிறது என்று இவள் மென்று முழுங்கிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

“காப்புக் கட்டியாச்சேத்தா! சாவா, ஆஸ்பத்திரியா? அது ரெண்டுன்னா காளியாத்தாளே தடுக்க மாட்டா. வேற எதுக்குன்னாலும் நான் சரின்னு சொல்ல முடியாது.”

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், பொய் சொல்லும் எண்ணத்தோடு அவள் போகவில்லை. கேட்டுத்தான் பார்ப்போமே என்று போனாள். அவர்தான் பொய்யை எடுத்துக் கையில் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. சாவு என்று சொல்ல வாய் வரவில்லை.

“ஆஸ்பத்திரிதான் மாமா. திருப்பூர்ல எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி. ஐசியூல வச்சிருக்காக.”

சொன்னதுதான் தாமதம், கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அம்மாவுக்காக வந்த கண்ணீரா அது? கடல் கை நழுவிப் போகிறதே என்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. அதைக் கண்ட மனுஷன் ஆடிப்போனார்.

“அடப்பாவமே, இதுக்குப் போயா என்னயக் கேட்டுக்கிட்டு நிக்கிற? மொதல்ல கெளம்பு தாயி!” என்றார். பந்தல்காரர்கள் கீற்றைக் கீழே போட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் வீடு போய்ச் சேருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அவள் அம்மா முத்துப்பேச்சி அந்த நேரத்தில் திருப்பூரில் மகன் அய்யனார் வீட்டு மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருந்தாள். வருடா வருடம் இந்தத் திருவிழாவுக்கு வருகிறவள். “இங்க ஊரெல்லாம் காய்ச்சலா இருக்கும்மா, இந்த வருசம் நீ வராத,” என்று அவளுக்கும் போனில் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள் கௌசல்யா. ஒன்று சொன்னால் இன்னொன்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. விபூதி பூசிவிட்டார்கள். ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பைக்குள் திணித்தாள். பைக்குள்ளே புதுச் சுடிதார்கள் இருந்தன. கை பட்டுவிடப் போகிறதே என்று கௌசல்யா பையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு மாயக்காள் மட்டும் கிட்டே வரவில்லை. தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் போன ஆடியிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. மாயக்காள் வீட்டுத் துவைக்கிற தண்ணீர் கௌசல்யா வாசலில் வந்து தேங்கியது. கௌசல்யா கேட்டாள், கேட்ட விதம் சரியில்லை, வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டாள். மாயக்காள் மல்லிகைத் தோட்டக்காரி. பூ எடுத்துத் திண்டுக்கல் மார்க்கெட்டில் போடுகிறவள், மிச்சத்தைத் தொடுத்து ஊருக்குள்ளேயே விற்கிறவள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அவளுக்கு. தினமும் தான் தொடுத்ததில் முதல் முழத்தைத் தன் கொண்டையில் வைத்துக்கொண்டுதான் விற்கப் புறப்படுவாள், அது அவள் பெருமை. சண்டைக்கு அப்புறமும் முத்துப்பேச்சி ஊருக்கு வந்தால் மகள் முறைப்பதைக் கண்டுகொள்ளாமல் எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பூத் தொடுத்துக் கொடுப்பாள். மாயக்காள் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ரசம் வைத்து எடுத்துப் போய் ஊட்டிவிட்டதும் முத்துப்பேச்சிதான். “எனக்கு மூத்த மக இவ,” என்பாள். கௌசல்யாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோவளம் அவள் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது ஓரவஞ்சனை. ரூம் கதவைத் திறந்தால் தென்னை மரங்கள், அதைத் தாண்டினால் கடல். சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம். மணலில் கறுப்பு மணல் கோடு கோடாகக் கலந்து கிடந்தது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, யாருடைய மருமகள் என்று விசாரிக்கவில்லை. சுடிதாரை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு அலையில் நின்றாள், அலை தள்ளிவிட்டது, விழுந்தாள், எழுந்து சிரித்தாள். முகேஷ்குமார் அவள் இப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. “அடியே, பல்லுக்குள்ளயெல்லாம் மண்ணு,” என்று அவனும் சிரித்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் கடற்கரை ஓட்டல் ஒன்றில், ஐஸ் மேல் அடுக்கி வைத்திருந்த மீன்களில் ஒன்றைக் காட்டி வறுத்துத் தரச் சொன்னான் முகேஷ்குமார். நெய்மீன். காப்பு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி என்ன என்று சாப்பிட்டுவிட்டாள். மறுபடியும் தண்ணீருக்குள் போய் நின்றபோது போன் அடித்தது.

மாயக்காளின் மகள் சத்யபிரியா. காந்திகிராமத்தில் படிக்கிற பெண். பெரியவர்கள் சண்டையில் சேராமல் இரண்டு வீட்டுக்கும் நல்லவளாக இருப்பவள்.

“சித்தி, அம்மாச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?”

“அப்படியேதான்டி இருக்கு. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு.”

“என்ன சித்தி, அங்க ஒரே இரைச்சலா கெடக்கு?”

கௌசல்யா திரும்பிப் பார்த்தாள். பெரிய அலை ஒன்று உடைந்து கரைக்கு வந்துகொண்டிருந்தது. “ஜெனரேட்டர்டி,” என்றாள். “ஆஸ்பத்திரியில கரண்டு இல்ல. ஜெனரேட்டர்லதான் எல்லா மிசினும் ஓடுது.”

எப்படித்தான் வாயில் வந்ததோ! தன் சாமர்த்தியத்தை நினைத்து ஒரு நொடி அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதற்குள் போன் கை மாறிவிட்டது.

“கௌசல்யா. நாந்தான், மாயக்கா பேசுறேன்.”

ஆடி மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல்.

“கரண்டு இல்லையாமே? நீ பயந்துறாத. ஒங்கம்மா யாருக்கும் ஒரு கெடுதல் நெனைச்சவ இல்ல, அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இப்பவே காளியாத்தாகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன். நீ சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்க்கா,” என்றாள் கௌசல்யா. மீன் வாசனை இன்னும் விரலில் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கடலுக்குள் இறங்கவில்லை. ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். முகேஷ்குமார் வந்து கூப்பிட்டதற்குத் தலைவலி என்றாள். அதுவும் பொய்தான், தலை நன்றாகத்தான் இருந்தது, நெஞ்சுதான் அறுத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர் திரும்பினார்கள். மொபட்டை விட்டு இறங்குவதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், பிழைத்துக்கொண்டாள் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். பொம்மையன் மருமகள் புவனேஸ்வரி அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஐயோ, மூஞ்சியப் பாருங்கடி! தூங்காம கொள்ளாம, அழுது அழுது எப்படிக் கறுத்துப் போயிருச்சு!”

கடற்கரை வெயிலில் ஆட்டம் போட்டுக் கறுத்த முகம். மூக்கு நுனியில் தோல்கூட உரிந்திருந்தது. “தொடச்சுத் தொடச்சே தோலு உரிஞ்சிருச்சு, பாவம்,” என்றாள் இன்னொருத்தி. கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அவர்கள் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். நல்ல மனசுக்காரர்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கசந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். யாரென்று கௌசல்யாவுக்குச் சட்டென்று தெரியவில்லை. மழுங்கச் சிரைத்த தலை, அதில் அப்பியிருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சிரித்த பிறகுதான் தெரிந்தது, மாயக்காள்.

“நான் சொல்லல? காளியாத்தா கைவிட மாட்டான்னு சொன்னேன்ல?” என்று கௌசல்யாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா... முடி...”

“அது கெடக்கு கழுத. வேண்டிக்கிட்டேன், குடுத்துட்டேன். முடி முக்கியமா, ஒங்கம்மா முக்கியமா?”

அங்கேயே காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று கௌசல்யாவுக்கு இருந்தது. இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள். அழ மட்டும் செய்தாள். மாயக்காள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வீட்டுக்குள் போனதும் முகேஷ்குமார் கதவைச் சாத்தினான். அவன் முகமும் செத்துப் போயிருந்தது. “நடந்தது நடந்துபோச்சு. வாயத் தொறக்காத. முடிதான, வளந்துரும்,” என்றான்.

“வளந்துரும்தான்,” என்றாள் கௌசல்யா. “அதுவரைக்கும் அவ எதிர்வீட்டுலதான இருப்பா?”

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள். முத்துப்பேச்சி “என்னயச் சாகக் கெடத்திட்டா கடல் பாக்கப் போன?” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “இனி அந்த ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

புதன்கிழமை முளைப்பாரி ஊர்வலம். கௌசல்யாவின் சட்டியில் பயிர் செழிப்பாக வளர்ந்து நின்றது. அவள் இல்லாத நாட்களில் அதற்குத் தண்ணீர் தெளித்ததும் மாயக்காள்தான் என்று புவனேஸ்வரி சொன்னாள். பொம்மையன் மைக்கைப் பிடித்தார். “நம்ம மருமக கௌசல்யாவோட தாயார் ஐசியூல இருந்து மீண்டு வந்துட்டாக. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காக முடி எறக்கின மாயக்காள் மாதிரி மனுசி நம்ம ஊர்ல இருக்கிறது நமக்கெல்லாம் பெருமை,” என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். மாயக்காள் வெட்கப்பட்டு மொட்டைத் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தத் தலைக்குப் பின்னாலேயே முளைப்பாரியைச் சுமந்துகொண்டு ஊரணி வரைக்கும் நடந்தாள் கௌசல்யா. வழி நெடுகிலும், ஓரத்தில் நிற்கிற பெண்கள் தன்னைப் பார்த்துக் கண் கலங்குவது அவளுக்குத் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

காப்பு அவிழ்த்த மறுநாள் விடிந்ததும் மாயக்காளின் தோட்டத்துக்குப் போனாள். மாயக்காள் தனியாக மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரிசையில் நின்று கௌசல்யாவும் பறிக்க ஆரம்பித்தாள்.

“அட, நீ எதுக்கு? ஒனக்குப் பழக்கமில்ல,” என்று மாயக்காள் சிரித்தாள். “இந்தா, மொத முழம் இனிமே நீ வச்சுக்க. எனக்குத்தான் வைக்க எடமில்லையே.”

“அக்கா, எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல.”

“அதான் நல்லாயிருச்சே.”

“இல்லக்கா. எப்பவுமே ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி, ஐசியூ எல்லாம் பொய். நான் திருப்பூருக்குப் போகல. கோவளத்துக்குப் போனேன். கடல் பாக்க.”

மாயக்காளின் கை கொஞ்ச நேரம் பறித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

“அன்னைக்கு போன்ல கேட்டுச்சே, ஜெனரேட்டர்?”

“கடல்க்கா அது.”

மாயக்காள் வரப்பில் உட்கார்ந்தாள். மடியில் கட்டியிருந்த மொட்டுகள் சரிந்து கொட்டின. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“நான் என்ன வேண்டுனேன் தெரியுமா? காதுல அந்த இரைச்சலோடதான் கோயிலுக்கு ஓடுனேன். காளியாத்தா, கரண்டு வர்ற வரைக்கும் அந்த ஜெனரேட்டர் நின்னுறக் கூடாது, அந்தச் சத்தம் மட்டும் நிக்காம ஓடட்டும், இந்தா என் முடிய இப்பவே எறக்கிர்றேன்னு கும்பிட்டேன்டி.”

கௌசல்யா அப்படியே அவள் காலைக் கட்டிக்கொண்டாள். அடி, செருப்பால் அடி, துப்பு என்று என்னென்னவோ சொன்னாள். மாயக்காள் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

“ஊருக்கு முன்னாடி சொல்லிர்றேன்க்கா. கோயில் மைக்குலயே சொல்லிர்றேன். என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கிறேன்.”

“சொல்லு,” என்றாள் மாயக்காள். குரலில் சூடே இல்லை. “ஒன்னய நாலு நாளு ஏசுவாக. அபராதம் போடுவாக, கட்டிட்டுப் போயிருவ. ஒனக்குப் பாரம் எறங்கிரும். எனக்கு? சாகுற வரைக்கும் கடலுக்கு மொட்டை போட்டவம்பாக. எம்மகளக் கட்டிக் குடுக்கிற எடத்துலயும் இதத்தான் சொல்லிச் சிரிப்பாக. பைத்தியக்காரியா நிக்கச் சொல்றியா என்னய?”

கௌசல்யா நிமிர்ந்தாள். இதை அவள் யோசிக்கவே இல்லை. வெட்கத்தில்கூடத் தன் வெட்கத்தை மட்டும்தான் யோசித்திருக்கிறாள்.

“யாருகிட்டயும் மூச்சு விடாத. ஒம்புருசனையும் வாயக் கட்டச் சொல்லு. அப்புறம் இன்னொண்ணு, பழையபடி பேசாம கீசாம இருந்துறாத. பேசாட்டி ஏன்னு கேப்பாக. குழாயடில பாத்தா நான் பேசுவேன். நீயும் பேசணும்.”

சிந்தின மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு மாயக்காள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். முதல் முழத்தைப் பற்றி மறுபடி அவள் பேசவில்லை.

சொன்னபடியே செய்தாள். தினமும் காலையில் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறபோது பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். மாயக்காள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவாள். கௌசல்யாவைப் பார்த்ததும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்பாள்:

“கௌசல்யா, அம்மாவுக்கு எப்படி இருக்கு?”

மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பதிலுக்காகத் திரும்புவார்கள்.

“நல்லாருக்காகக்கா.”

“மாத்திரைய ஒழுங்கா சாப்பிடச் சொல்லு.”

“சரிக்கா.”

கூடப் பிறந்தவள்கூட இப்படி விசாரிக்க மாட்டாள் என்று புவனேஸ்வரி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். மாயக்காள் தன்னைக் காப்பாற்றக் கேட்கிறாளா, தண்டிக்கக் கேட்கிறாளா என்று கௌசல்யா அவள் முகத்தைப் பார்ப்பாள். அதில் ஒன்றும் தெரியாது. குடம் நிறைந்ததும் மாயக்காள் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

முகேஷ்குமாருக்கு அடுத்த வருடமும் விற்பனை நன்றாக இருந்தது. இன்னொரு பயணம் அறிவித்தார்கள். அவன் அவளிடம் கேட்காமலே வேறு டீலருக்கு விட்டுக் கொடுத்துவிட்டான். மாயக்காளின் முடி காதுக்குக் கீழே இறங்கி, ஒரு கண்ணி பூ வைக்கிற அளவுக்கு வளர்ந்தும்விட்டது. கேட்பதை மட்டும் அவள் இன்னும் நிறுத்தவில்லை.